இரத்தப் பரிசோதனை முடிவும் நாம் சொல்லும் ஆறுதலும்





 இன்று உங்கள் முன் வைக்கப்போவது நான் செய்த ஒரு தவறாகும்.

அரபுக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியேறி ஒரு வருடமும் நிறைவடையாத காலம் அது. அஸர் தொழுகைக்குப் பின்னர் ஒரு வாலிபர் என்னருகில் வந்து அமர்ந்தார். கையில் மடித்த காகிதம். தனது மாமாவின் மகளை நிகாஹ் செய்ய இன்னும் 12 நாட்களே இருப்பதாகவும், இருவரது இரத்தத்தையும் பரிசோதித்ததில் இருவருமே தலசீமியா நோயின் காவிகள் என்று முடிவு வந்திருப்பதாகவும் கூறினார்.

நான் அரை மணி நேரம் பேசினேன். கழா கத்ரைப் பற்றிப் பேசினேன், தவக்குலைப் பற்றிப் பேசினேன், தைரியமாக நிகாஹைச் செய்யுமாறு கூறினேன். அவர் மூன்று வார்த்தைகள்கூடப் பேசவில்லை. ஸலாம் கூறிச் சென்றுவிட்டார். நிகாஹும் நடந்தது. அதில் குத்பா ஓதியவனும் நானே.

சில வருடங்களின் பின்னர், நோயாளி ஒருவரைச் சுகம் விசாரிக்கச் சென்ற வைத்தியசாலையில் அவரை மீண்டும் கண்டேன். அவரது மடியில் இரண்டு வயதுக் குழந்தை. அதன் கையில் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மூத்த பிள்ளை சுகமாக இருப்பதாகவும் இது இரண்டாவது பிள்ளை என்றும் கூறினார். நான் தலை குனிந்து நின்றேன். அவர் என்னைக் குறை கூறவில்லை. ஒன்றை மட்டும் சொன்னார்: "ஹழ்ரத், முடிக்கலாமா கூடாதா என்று கேட்க நான் அன்று வரவில்லை. மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது, சொல்லும்போது நீங்களும் கூட வருவீர்களா என்று கேட்கத்தான் வந்தேன்."

அந்த அரை மணி நேரத்தில், நீங்கள் எதற்காக வந்தீர்கள் என்று நான் ஒரு முறையேனும் கேட்கவில்லை.

சகோதரர்களே! தலசீமியா என்பது பெற்றோர் வழியாகப் பிள்ளைக்கு வரும் இரத்த நோயாகும். காவியாக இருப்பவர் நோயாளி அல்லர். ஒரு காவி, காவியல்லாத ஒருவரைத் திருமணம் செய்தால் அவர்களது பிள்ளைகளுக்கு இக்கடும் நோய் வருவதில்லை. இருவருமே காவிகளாயின் என்ன நடக்கும்? தஸ்பீஹ் மணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வாப்பாவின் கையில் ஒரு வெள்ளை மணியும் ஒரு கறுப்பு மணியும் உள்ளன. உம்மாவின் கையிலும் அவ்வாறே. ஒவ்வொரு பிள்ளைக்கும் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு மணியைக் கொடுக்கின்றனர். இரண்டும் கறுப்பாக விழுந்தால் பிள்ளை நோயாளி. அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரு பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகள் தப்பிவிடும் என்று எண்ணுவோர் நம்மில் பலர். அது தவறாகும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே நான்கில் ஒன்றுதான். ஒரே பாட்டனாரின் வழிவந்த மச்சான் மச்சிக்கிடையே நிகாஹ் ஆகுமானதே. ஆயினும் ஒரே கறுப்பு மணி இருவரிடமும் வந்து சேர்ந்திருக்கும் வாய்ப்பு அங்கு அதிகம்.

நோய் கடுமையாக உள்ள பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தினால் உடலில் சேரும் இரும்பை அகற்ற வாழ்நாள் முழுவதும் மருந்தும் வேண்டும். நமது நாட்டில் எந்நேரமும் 2,000க்கும் அதிகமானோர் இச்சிகிச்சையை நாடி நிற்பர் என 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. குருநாகலில் இதற்கென்றே ஒரு தேசிய நிலையம் இயங்குகின்றது.

அவ்வாலிபரைக் கண்ட பின்னர் உளவளத்துணைப் பயிற்சி வகுப்பொன்றில் சேர்ந்தேன். வார இறுதி நாட்களில் நடந்த வகுப்பு. கற்பித்தவர் அனுபவம் மிக்க ஒரு தாதி. முதலாவது பயிற்சி, எதிரில் இருப்பவரைப் பத்து நிமிடங்கள் பேச விட்டு வாய் திறவாமல் கேட்பது. இரண்டாவது நிமிடத்திலேயே நான் ஆயத்து ஓத ஆரம்பித்துவிட்டேன்! வகுப்பே சிரித்தது. மிம்பரில் பழகிய நாவுக்கு மௌனம் இலகுவானதல்ல.

மரபணு ஆலோசனை என்று இத்துறைக்குப் பெயரிட்டவர் ஷெல்டன் ரீட் என்னும் அமெரிக்கர், 1947இல். விடயத்தை விளக்குவது ஆலோசகரின் பொறுப்பு, முடிவெடுப்பது குடும்பத்தின் உரிமை என்பது இத்துறையினர் பேணும் ஒழுங்காகும். இதனைப் படித்தபோது நான் மத்ரஸாவில் ஓதிய ஒரு ஹதீஸ் புதிய வெளிச்சத்தில் தெரிந்தது. தன் மனைவி கறுப்பு நிறக் குழந்தையைப் பெற்றிருப்பதாக ஒரு நாட்டுப்புற அரபி நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிடுகின்றார். உள்ளத்தில் சந்தேகம். நபியவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஒட்டகங்கள் உண்டா என்று வினவினார்கள். அவற்றின் நிறம் என்னவென்று வினவினார்கள். அவற்றுள் சாம்பல் நிறமானது உண்டா என்றும், அது எங்கிருந்து வந்தது என்றும் வினவினார்கள். பரம்பரையில் ஏதோவொரு நரம்பு இழுத்திருக்கக்கூடும் என்று அம்மனிதரே விடை கூறினார். உமது பிள்ளையையும் அவ்வாறே இழுத்திருக்கக்கூடும் என்று மட்டுமே நபியவர்கள் கூறினார்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. நான்கு கேள்விகள், ஒரு வசனம். ஒரு பெண்ணின் மானம் காக்கப்பட்டது.

ஆகவே, பரிசோதனை முடிவுடன் ஒருவர் உங்களிடம் வந்தால், அவர் ஏற்கெனவே என்ன விளங்கியிருக்கின்றார் என்பதை முதலில் கேளுங்கள். எதை எண்ணி அஞ்சுகின்றார் என்று கேளுங்கள். அவர் அழுதால் அழ விடுங்கள். விளக்கிய பின்னர், நான் கூறியதை உங்கள் வார்த்தைகளில் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். காவி என்பதை நோயாளி என்று விளங்கியிருந்தால் அப்போது தெரிந்துவிடும். வைத்தியர் கூற வேண்டியதை நாம் கூறலாகாது. அவரது இரகசியம் உங்களிடம் அமானிதமாகும். அதனைப் பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமோ சம்பந்தம் பேசுவோரிடமோ கூறுவது மோசடியாகும். பெண் காவி என்ற செய்தி வெளியே கசிந்தால் அவளது தங்கைமாரின் சம்பந்தங்களும் தடைப்படுகின்றன. ஆண்பிள்ளை காவி என்றால் ஊர் இந்தளவு பேசுவதில்லை. இந்த அநியாயத்தை நான் கண்ணால் கண்டிருக்கின்றேன்.

இதெல்லாம் கத்ரில் உள்ளதுதானே என்று கேட்போருக்கு உமர் (ரழி) அவர்களின் ஷாம் பயணத்தை நினைவூட்டுகின்றேன். கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு வழியிலேயே திரும்பியபோது, அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுகின்றீர்களா என அபூ உபைதா (ரழி) அவர்கள் வினவினார்கள். அவனது ஒரு கத்ரிலிருந்து மற்றொரு கத்ரின் பக்கமே செல்வதாக உமரவர்கள் விடையளித்தார்கள்.

பெற்றோர்களே! கால நேரமும் முக்கியமாகும். சவூதி அரேபியாவில் 2004 முதல் திருமணத்துக்கு முன்னரான இப்பரிசோதனை கட்டாயமாக உள்ளது. முடிவு எதுவாயினும் மணமுடிக்கத் தடையில்லை. ஆபத்துள்ள ஜோடிகளில் தாமாகவே விலகியோர் 2004இல் நூற்றுக்குப் பத்துப் பேரும் இல்லை. 2009இல் பாதியளவினர் விலகினர். ஆரம்பத்தில் விலகாமைக்கு ஒரு காரணம், திருமண ஏற்பாடுகள் எல்லாம் முடிந்திருந்தமையாகும். என்னிடம் வந்தவருக்கும் 12 நாட்களே இருந்தன. மண்டபமும் பேசியாகிவிட்டது, அழைப்பிதழும் வீடு வீடாகச் சென்றுவிட்டது. நமது நாட்டுச் சட்டமோ தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்புக்கு இடமளிப்பதில்லை. எனவே பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேச முன்னரே, உயர்தரப் பரீட்சை முடிந்த விடுமுறையிலேனும், அரச வைத்தியசாலையில் விசாரித்து இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். முதற்கட்டமாகச் செய்யப்படுவது சாதாரண இரத்த எண்ணிக்கைப் பரிசோதனைதான். சந்தேகம் இருந்தால் மாத்திரமே அடுத்த பரிசோதனை. இரும்புச்சத்துக் குறைவினாலும் முதற்கட்ட முடிவு ஒத்துத் தோன்றலாம். ஆதலால் அந்த ஒரு காகிதத்தை வைத்து எவரையும் காவி என்று முடிவு கட்ட வேண்டாம்.

அவ்வாலிபரின் தம்பிக்கு இப்போது சம்பந்தம் பேசுகின்றார்கள். சென்ற மாதம் அவர் ஒரு காகிதத்துடன் என்னிடம் வந்தார். எதற்காக வந்தீர்கள் தம்பி என்று கேட்டுவிட்டு மௌனமாக இருந்தேன். மஃரிபுக்கு அதான் சொல்லும் வரை அவர்தான் பேசினார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடன் பெண் வீட்டாரிடம் செல்கின்றேன், இன்ஷா அல்லாஹ்.