தேக்கிலையைத் தின்னும் அந்துப்பூச்சி



பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்திலிருந்து, தமிழ்நாட்டின் ஆனைமலை வழியாக, இடுக்கி மாவட்டத்துச் சின்னாறு வரை வனம் தொடர்ச்சியாகப் பரந்துள்ளது. பரம்பிக்குளத்தில் இயற்கைத் தேக்கும் உண்டு. வனத்துறை வளர்த்த தேக்குத் தோட்டங்களும் உண்டு. கேரளத் தேக்கு எங்கும் காணப்படும் ஓர் அந்துப்பூச்சியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஹைப்ளியா புவேரா என்பது அதன் அறிவியற் பெயர். முன்னிறக்கை பழுப்பு நிறம். பின்னிறக்கையில் கருமையும் மஞ்சளும் கலந்திருக்கும். தெற்காசியா, தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளில் இது வாழ்கிறது. நொச்சியும் கடலோர அலையாத்தியும்கூட இதன் உணவே.

தென்மேற்குப் பருவமழைக்கு முன் பெய்யும் கோடை மழையை ஒட்டி, இளந்தளிர்களில் தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. ஓரிரு நாட்களில் வெளிவரும் புழு, முதலில் இலையின் மேற்பரப்பைச் சுரண்டும். பின்னர் இலை விளிம்பை மடித்து உள்ளிருந்து, பெருநரம்புகள் தவிர மற்றனைத்தையும் தின்னும். ஏறத்தாழ இரு வாரங்களில் முதிர்ந்து, நூலிழையில் தரைக்கு இறங்கிச் சருகினடியில் கூட்டுப்புழுவாகும். ஒரு வாரத்தில் பூச்சியாகிப் பறந்துவிடும்.

இலையிழந்த மரம் பட்டுப்போவதில்லை, மீண்டும் தளிர்க்கிறது. எனவே இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. கேரள வன ஆராய்ச்சி நிலையம் நிலம்பூரில் நடத்தி 1985இல் வெளியிட்ட ஆய்வு அதனை அளந்து காட்டியது. இளந்தோட்டங்களில், கிடைத்திருக்கக்கூடிய மர வளர்ச்சியில் 44 சதவீதம் இப்புழுவால் பறிபோகிறது!

அப்படியானால் காடெங்கும் நஞ்சு தெளிப்பதா? கூடாது. பறவைகளும் ஒட்டுண்ணிகளும் அந்நஞ்சால் மடியும், நீர்நிலைகளும் மாசுறும். 2010இல் புலிகள் காப்பகமான பரம்பிக்குளத்தில் இப்புழு பறவைகளின் இரை. அங்கு அதனை இயற்கையிடமே விட்டுவிடலாம். மர விளைச்சலுக்கென வளர்க்கும் தோட்டங்களுக்கு வேறு வழி உண்டு. இப்புழுவைத் தாக்கும் என்.பி.வி. எனும் வைரசை அதே நிலையம் கண்டறிந்து, தெளிப்பு முறையையும் வகுத்துள்ளது.

ஆனால் காலம் தவறினால் மருந்தினால் பயனில்லை. பெருந்தாக்குதலுக்கு முன், தோட்டத்தின் சில சிறு திட்டுகளில் மட்டுமே புழு தோன்றும். அத்திட்டுகளை அப்போதே கண்டுபிடித்தால் தெளிக்கவேண்டிய பரப்பு குறைவு. முதல் மழை விழுந்த நாளைக் குறித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிவரும் வனக்காவலரே இப்பணியின் முதல் விஞ்ஞானி. அவருக்குப் பயிற்சியளிப்பது நம் கடமை.