சிறு கணிப்பொறியும் சீர் எண்ணும் கலையும்



ஏழு சீருக்குள் ஓர் அறத்தை அடக்கியவர் வள்ளுவர். இடம் குறுகினால் சொல் கூர்மை பெறும் என்பதைக் கவிஞர்கள் அறிவர். வீட்டுக் கணிப்பொறியின் தொடக்கக் கால வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது.

1981இல் இங்கிலாந்தின் சிங்க்ளேர் நிறுவனம் இசட்எக்ஸ்81 என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. உதிரிப் பகுதிகளாக வாங்கித் தாமே பொருத்திக்கொள்வோர்க்கு விலை 49.95 பவுன். அதே ஆண்டில் வந்த பிபிசி மைக்ரோவின் விலை 200 பவுனுக்கும் மேல். பிபிசியில் வண்ணமும் ஒலியும் உண்டு. சிங்க்ளேரில் இரண்டும் இல்லை. அதன் நினைவகம் 1,024 பைட் மட்டுமே. ஆயினும் வீட்டுத் தொலைக்காட்சியே அதற்குத் திரை. பாட்டுக் கேட்கும் ஒலிநாடாக் கருவியே ஏட்டுக்கட்டு. மின்னிணைப்புக் கொடுத்தவுடன் பேசிக் மொழிக் கட்டளைக்காக அது காத்து நிற்கும்.

அச்சிற்றிடம் எழுதுவோர்க்குச் சிக்கனம் கற்பித்தது. நிரலில் 0 என்று எழுதினால் ஏழு பைட் செலவாகும். 'நாட் பை' என்னும் இரு கட்டளைச் சொற்களுக்கு ஆவதோ இரண்டே பைட். பை சுழியம் அன்று. எனவே அதன் மறுப்பு சுழியமாகும். தளை தட்டாத சொல்லைத் தேடும் வெண்பாப் புலவரின் உழைப்பும் இத்தகையதே.

இந்தியாவில் 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின்வழி பிபிசி மைக்ரோ பள்ளிகளுக்கு வந்தது. ஆற்றல் மிக்க பொறிதான். எனினும் பாடவேளை முடிந்தால் மாணவர் அதை விட்டு எழவேண்டும். சிங்க்ளேரின் ஸ்பெக்ட்ரம் பிளஸ் பொறியை உரிமம் பெற்றுப் புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் விற்றது. அது வீட்டுக்குரியது. இரவெல்லாம் பிழை செய்து திருத்திப் பார்க்கும் உரிமை, பொறி தனதாக உள்ளவர்க்கே வாய்த்தது.

ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு இவ்வரலாறு அயலானதன்று. இங்கே ஆலைகளில் கணிப்பொறி வழி இயங்கும் எந்திரங்களைப் பெற்றோர் இயக்குகின்றனர். அவற்றின் நிரலை எழுதியவர் வேறெங்கோ இருக்கின்றார். பிள்ளைகளும் பிறர் எழுதியதை இயக்குவோராகவே நின்றுவிடுவரோ என்பதே கவலை. இதே கவலை கேம்பிரிட்ஜிலும் எழுந்தது. நிரல் எழுதிப் பழகிய மாணவர் குறைந்துவருவதைக் கண்டோர் 2012இல் ராஸ்பெரி பை என்னும் சிறு பொறியை 35 டாலருக்குத் தந்தனர்.

கணிப்பொறி வாங்கும் பெற்றோர் வேகத்தையும் கொள்ளளவையும் வினவுவது இயல்பு. அவற்றிற்கு முன்னே வினவத்தக்கது ஒன்றுண்டு: பிள்ளை அஞ்சாமல் பிழை செய்ய இப்பொறி இடந்தருமா? தருமெனில், விலை குறைந்ததே சிறந்தது. பனையோலை சிறிதாக இருந்ததால் தமிழ் சிறுத்துவிடவில்லை.