ஈறு இறங்கினால் எந்தச் சிகிச்சை நல்லது?
(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் உங்களில் ஒருவர், "சிறு துளை மட்டும் போட்டு, இறங்கிய ஈறைச் சரி செய்கிறார்களாமே! அந்தக் கருவிகளை வாங்க நாங்கள் பணம் தரட்டுமா?" என்று அன்போடு கேட்டார். போதக ஊழியத்தில் இருக்கும் நாங்கள் மருத்துவர்கள் அல்ல. நமது பல் மருத்துவர்களிடம் விசாரித்து அறிந்ததையே உங்களுக்குச் சொல்லுகிறோம்.

பழனி வட்டாரக் கிராமங்களிலிருந்து நம்மிடம் வரும் பெரியவர்களில் பலர் செங்கல்பொடியும் சாம்பலும் கரித்தூளும் கொண்டு பல் துலக்கியவர்கள். சிலர் வெற்றிலையோடு புகையிலையைக் கன்னத்தில் அடக்குகிறவர்கள். படித்த பிள்ளைகளோ முரட்டு பிரஷ்ஷை அழுத்தித் தேய்க்கிறார்கள். பல்லில் படியும் காரையாலும் ஈறு கெடுகிறது. ஈறு விலகி வேர் வெளியே தெரிந்தால், குளிர்ந்த தண்ணீர் பட்டதும் பல் சுரீரென்று கூசும். விலகிய ஈறு தானாக வளராது.

அதை மூட முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. முதலாவது, 1985-ல் விவரித்து வெளியிடப்பட்ட முறை. மேல் அண்ணத்தின் உள்ளிருந்து சிறிது திசுவை எடுத்து, வேரின்மேல் வைத்துத் தைப்பார்கள். இதில் வாயில் இரண்டு இடத்தில் காயம் உண்டாகும். ஆனாலும் மெலிந்த ஈறு தடிக்கும். நீண்ட கால அனுபவமும் இதற்கு உண்டு.

இரண்டாவது, சுரங்க முறை. பற்களுக்கு இடையேயுள்ள ஈறை அறுக்காமல், அடியில் வழி செய்து திசுவை நுழைப்பார்கள். ஈறில் வெட்டு குறைவு; ஆனால் பெரும்பாலும் அண்ணத்துத் திசு இதற்கும் வேண்டும்.

மூன்றாவதுதான் நண்பர் கேட்ட துளை முறை. அமெரிக்கப் பல் மருத்துவர் ஜான் சாவ் உண்டாக்கியது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளை வழியாக ஈறைத் தளர்த்தி, பல்லை நோக்கி நகர்த்தி, கொலாஜன் துண்டுகளால் தாங்க வைப்பார்கள். அண்ணத்தில் காயமில்லை, பல பற்களை ஒரே வேளையில் செய்யலாம். ஆனால் அவரே 2012-ல் வெளியிட்ட அறிக்கையில் 43 பேரின் 121 இடங்களைச் சராசரியாக ஒன்றரை ஆண்டுகளே கவனித்திருந்தார். கொலாஜன் பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கப்படுவதால், நோயாளியின் சம்மதத்தை முன்னரே கேட்பதும் கடமை.

பல்லிடை எலும்பு கரைந்துபோனவர்களுக்கு இம்மூன்றில் எதுவும் பெரும்பாலும் வேரை முழுவதும் மூடாது. புகையிலையும் முரட்டுத் தேய்ப்பும் தொடர்ந்தால், மூடிய ஈறும் மறுபடி இறங்கும்.

சந்தையில் காய்கறி விற்கும் ஒரு தாயார், "ஐயா, அண்ணத்தை அறுப்பாங்களாங்க?" என்று பயந்து எங்களிடம் கேட்டார். மருத்துவர் அறுக்கவில்லை. காரையை எடுத்து, மென்மையான பிரஷ் கொடுத்து, புகையிலையை விடச் சொன்னார். மூன்று மாதத்தில் இரத்தக் கசிவு நின்றது, கூச்சமும் தணிந்தது. ஈறு பழைய இடத்துக்கு ஏறவில்லை. ஆனால் மேலும் இறங்கவும் இல்லை. அவருக்கு அது போதுமாயிருந்தது.

ஆகவே நண்பருக்கு எங்கள் பதில் இது: அந்தக் கருவிகள் இப்போது வேண்டாம். அறுவை தேவைப்படுகிறவர்களைப் பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புகிறோம். உங்கள் காணிக்கை, காரை எடுக்கும் கருவிக்கும், கிராமத்துப் பிள்ளைகளின் மென்மையான பிரஷ்ஷுக்கும் உதவட்டும். சிறிய காயம் நல்லதுதான். காயமே வராமல் காப்பது அதிலும் நல்லது.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.