மின்சார வண்டியும் நம் கடமையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மின்சார ஸ்கூட்டரைப்பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். இலக்கணம் கற்பிக்கும் பண்டிதனுக்கு இயந்திரத்தோடு யாது உறவு என்று சிலர் நகைக்கலாம். என்பாற் பயின்ற மாணவனொருவன் பட்ட இடரே என்னை இப்பொருளிற் புகச்செய்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதற்கண் இவ்வண்டியின் இயல்பைக் காண்போம். பெட்ரோல் எஞ்சினில், எரியும் எண்ணெயின் ஆற்றலிற் பெரும்பகுதி வெப்பமாய் வீணே கழிகின்றது. ஏறக்குறையக் காற்பங்கே சக்கரத்தைச் சேர்கின்றது. மின்சார மோட்டாரோ தான் பெற்றதில் ஐந்தில் நான்கு பங்கைச் சக்கரத்துக்கு ஈகின்றது. நெரிசல் மிக்க தெருவில் நின்று நின்று செல்லுங்கால், எஞ்சின் நிற்கும்பொழுதும் எண்ணெயை உண்ணும். மின்வண்டி நின்றால் மோட்டாரும் ஓயும். இவை கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் உருவாக்கப்படுகின்றன. ஆகலின் நமக்கு அயல்நாட்டு விநோதம் அல்ல.

இனிக் கணக்குப் பார்ப்போம். நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் ஓடும் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் செல்லும் ஸ்கூட்டராயின், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என வைத்துக்கொள்ள, அவனுக்கு 133 ரூபாய் செலவு. மின்வண்டிக்கு, ஏற்றும்போது நேரும் இழப்பையும் சேர்த்து, இரண்டரை யூனிட் போதும். யூனிட் 10 ரூபாயெனக் கணக்கிட்டாலும் 25 ரூபாயே. மாதம் 25 நாள் உழைப்பவனுக்கு 2,700 ரூபாய் மிச்சம். பல்லாண்டு கழித்துப் பாட்டரி மாற்றப் பெருந்தொகை வேண்டும் என்பது மெய்யே. ஆகவே மிகுதியாய் ஓடுபவனுக்கே ஆதாயம் மிகுதி. எப்போதோ கோயிலுக்கும் கடைக்கும் செல்வார்க்கு அத்துணையில்லை.

இதனாற் புகையே ஒழியும் என்பாரும் உளர். தெருவில் ஒழியும்; நிலக்கரி எரித்து மின்சாரம் ஆக்குமிடத்தில் ஒழியாது. முப்பந்தற் காற்றாலைகள் போல்வன பெருகப் பெருக அக்குறையும் குறையும்.

நிற்க. அம்மாணவன், வீடுதோறும் உணவுப் பொட்டலம் சேர்த்துப் பிழைப்பவன். மாடியறையொன்றிற் குடிக்கூலிக்கு இருப்பவன். கடன்பட்டு மின்வண்டி வாங்கினான். வீட்டுக்காரர் மின்னேற்ற இசையவில்லை. சன்னல்வழியே நீண்ட கம்பி விட்டு இரவில் ஏற்றினான். ஒருநாள் பிளக்கு உருகிக் கருகியது, தெய்வாதீனமாய் உயிர்ச்சேதமில்லை. ஆறு மாதத்தில் வண்டியை நஷ்டத்துக்கு விற்றான்.

வீட்டுக்காரரை யான் குறைகூறேன். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு மின்னேற்றி வைத்த வண்டி தீப்பற்றியெழுந்த புகையில் தந்தையும் மகளும் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பர் முதற் பாட்டரிகளுக்கான சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன. எனினும், படுக்குமிடத்திலும் மாடிப்படியின் கீழும் ஏற்றுதல் தகாது. வண்டியோடு தந்த சார்ஜரையே கொள்க. வெயிலில் ஓடிச் சூடேறிய பாட்டரியை ஆறவிட்டு ஏற்றுக.

அன்பர்காள்! எவனுக்கு இவ்வண்டி மிகவும் பயன்படுமோ, அவனுக்கே மின்னேற்ற இடமில்லை. சொந்த வீடும் முன்றிலும் உடையார்க்கே இம்மிச்சம் எளிது. இக்குறையை யார் தீர்ப்பது?

நம் முன்னோர் வழிநடையில் தண்ணீர்ப்பந்தர் வைத்தனர், சுமைதாங்கி நட்டனர். நம் சங்கக் கட்டிடத்தின் முன்றில் இரவெல்லாம் வெறிதே கிடக்கின்றது. ஆங்கு ஒரு தகரக் கூரையிட்டு, தனி இணைப்பும் மீட்டரும் பெற்று, எர்த்துக் கம்பியும் தானே அணையும் சுவிட்சும் முறைப்படி அமைத்து, ஆறு பிளக்குகள் வைப்போமாக. மின்னேற்று நிலையம் வைக்க உரிமம் வேண்டா என்று 2018-ஆம் ஆண்டிலேயே மத்திய மின்துறை அமைச்சகம் தெளிவாக்கிற்று. ஏற்றும் யூனிட்டுக்கு உரிய கட்டணத்தை அவரவர் தரட்டும். இலாபம் நமக்கு வேண்டா. தண்ணீர்ப்பந்தரிற் குலம் வினவுதல் தகாது. ஆகவே இத்தெருவில் வாழும் எவர்க்கும் அவ்விடம் திறந்திருத்தல் வேண்டும்.

இதனைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு தலைவரவர்களை வேண்டி, என் ஒரு மாதச் சம்பளத்தில் நாலிலொரு பங்கை இதற்கு முதற் பொருளாக அளித்து அமர்கின்றேன்.