45-ஆவது நாள்



வரிச் சட்டத்திலும் கம்பெனிச் சட்டத்திலும் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பேசச் சொன்னீர்கள். வந்திருப்பது ஏராளம். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் போய், 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் பெரும்பாலான பொருள்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் நீங்கி 5, 18 என்ற இரண்டும், சில பொருள்களுக்கு 40-ம் நிற்கின்றன. அத்தனையையும் இங்கே ஒப்பித்தால் வீட்டுக்குப் போகும்போது உங்கள் கையில் எதுவும் தங்காது. ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் திருப்பூரில் எந்த யூனிட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது வரியைப் பற்றிய பேச்சு இல்லை. "பில் போட்டாச்சுங்க, பணம்தான் இன்னும் வரல" என்பதுதான். அந்தப் பணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பணம் வராவிட்டால் என்ன ஆகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். இந்த மாதம் 10 லட்சத்துக்கு ஜாப் ஒர்க் பில் போடுகிறீர்கள். 5 சதவீதம் ஜிஎஸ்டி, 50,000 ரூபாய். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அதைக் கட்டியாக வேண்டும். பார்ட்டி பணம் கொடுத்தாரா இல்லையா என்று ஜிஎஸ்டி கேட்காது. தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. பார்ட்டி கடையை மூடிவிட்டுப் போய்விட்டால்கூட, கட்டிய வரியைத் திரும்பத் தர நம் ஜிஎஸ்டியில் வழி இல்லை. அதாவது வேலை செய்தவர் கூலியையும் கடனாகக் கொடுத்து, வரியையும் கைக்காசிலிருந்து கட்டுகிறார். அதற்காக இன்னொருவரிடம் வட்டிக்கு வாங்குகிறார். சனிக்கிழமை சம்பளம் போட நகையை அடகு வைத்தவர்கள் இந்த அவையிலும் இருப்பார்கள்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006-லேயே வந்துவிட்டது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். அதன் 15-ஆவது பிரிவு, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கோ வேலையோ வாங்கியவர் எப்போது பணம் தர வேண்டும் என்று சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள்தான். நம் ஊரில் எத்தனை பேர் எழுத்தில் ஒப்பந்தம் போடுகிறோம்? "90 நாள் கிரெடிட்" என்று போனில் பேசிக்கொள்கிறோம். சட்டத்தின் கண்ணில் அந்தப் பேச்சுக்கு மதிப்பே இல்லை. 90 நாள் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் 45-க்கு மேல் செல்லாது.

அடுத்து, நமக்கு மிகவும் வலிக்கிற இடம். சரக்கு போய் மூன்று மாதம் ஆன பிறகு, பணம் கேட்கும்போதுதான் "டேமேஜ் இருந்துச்சு, ஷேட் மாறிப்போச்சு" என்று ஒரு டெபிட் நோட் வரும். பில்லில் இரண்டு லட்சம் கழிந்துவிடும். அன்பர்களே, குறை இருந்தால் சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது அதே சட்டம். சொல்லவில்லையென்றால் சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள், கெடு அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். மூன்று மாதம் கழித்து வரும் டெபிட் நோட்டைப் பார்த்துத் தலைகுனிந்து நிற்காதீர்கள். டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்கியிருந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

கெடு தாண்டினால் வட்டி. ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாக. பேங்க் ரேட் 5.5 சதவீதம் என்று வையுங்கள், வட்டி 16.5 ஆகிறது. 10 லட்சத்துக்கு ஓராண்டில் ஏறக்குறைய 1,78,000 ரூபாய். அந்த வட்டியைப் பார்ட்டி தன் கணக்கில் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளவும் முடியாது.

இவ்வளவும் இருந்தும் பணம் வரவில்லையே, ஏன்? கேட்பதற்கு நமக்குப் பயம். நான் கணக்குப் பார்க்கும் நிட்டிங் யூனிட்காரர் ஒருவர். ஒரே பார்ட்டியிடம் ஏழு லட்சம் நின்றுபோயிருந்தது. மனு போடலாம் என்றேன். "போட்டுடலாம் சார், அப்புறம் அடுத்த ஆர்டர் யாருங்க தருவாங்க?" என்றார். அவர் கேட்டதில் தவறு இல்லை. சட்டம் எழுதியவர்கள் அந்தக் கேள்விக்கு 17 ஆண்டுகள் பதில் வைத்திருக்கவில்லை.

2023-இல் வைத்தார்கள். வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் எச் என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். 2023-24 நிதியாண்டின் கணக்கிலிருந்தே நடைமுறை. புதிய சட்டத்தில் பிரிவு எண் மாறியிருக்கிறது, விதி அப்படியே தொடர்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை 15 அல்லது 45 நாள் கெடுவுக்குள் தராமல், மார்ச் 31 வரையிலும் பாக்கி வைத்திருந்தால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. எந்த ஆண்டு கொடுக்கிறாரோ அந்த ஆண்டில்தான் காட்டலாம். உங்களுக்குப் 10 லட்சம் தராத பார்ட்டி ஒரு பங்குதாரர் நிறுவனம் என்றால், அந்த 10 லட்சமும் அவர் லாபத்தில் சேரும். 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், 3,12,000 ரூபாய். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தேதிக்குள் கொடுத்துவிடுகிறேன் என்று மற்ற சில செலவுகளுக்கு இருக்கும் சலுகை இதற்குக் கிடையாது.

இதன் அழகு என்ன தெரியுமா? நீங்கள் புகார் கொடுக்க வேண்டியதே இல்லை. அவருடைய ஆடிட்டரே அவரைக் கேட்பார். 2024 தொடக்கத்தில் அதைக் கண்ணால் பார்த்தோம். ஆண்டுக்கணக்கில் இழுத்த பாக்கிகள் மார்ச் மாதத்தில் நகர்ந்தன. சூரத் ஜவுளிச் சந்தையிலிருந்து, விதியைத் தள்ளி வையுங்கள் என்று கோரிக்கை போனது. சில இடங்களில், குறு, சிறு நிறுவனம் என்று அரசுத் தளத்தில் செய்யும் உத்யம் பதிவு உள்ளவரிடம் வாங்குவதையே நிறுத்தப் பார்த்தார்கள். பதிவை ரத்து செய்துவிடுங்கள் என்று சிறிய யூனிட்டுகளை வற்புறுத்தியவர்களும் உண்டு. அந்த நெருக்கடியில் பதிவை விட்டுக்கொடுத்தவர்கள் மீண்டும் பதிவு செய்யுங்கள் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கையில் இருக்கும் பெரிய சட்டப் பாதுகாப்பு அது.

இந்த விதிக்கு ஒரு பலவீனமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மே மாதம் தர வேண்டியதைப் பிப்ரவரியில் கொடுத்தால்கூட வருமான வரியில் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை, ஆண்டு முடிவதற்குள் கொடுத்துவிட்டார் அல்லவா? மார்ச் மாதம் கடிக்கிற சட்டம் இது. மற்ற பதினோரு மாதங்களுக்கு நமக்கு உள்ளது அந்தப் பழைய கூட்டு வட்டிதான். அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

யாருக்கு இந்தப் பாதுகாப்பு? 2025 ஏப்ரல் 1 முதல் வரம்பை உயர்த்திவிட்டார்கள். இயந்திர முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறு நிறுவனம். முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை சிறு நிறுவனம். ஏற்றுமதி செய்ததை விற்றுமுதலில் சேர்க்க மாட்டார்கள். அப்படிப் பார்த்தால் இந்த அரங்கில் அநேகமாக எல்லோரும் உள்ளே வந்துவிடுவீர்கள். நடுத்தர நிறுவனத்துக்கு இந்த 45 நாள் பாதுகாப்பு இல்லை. நூல் வாங்கி விற்கிற வியாபாரிக்கும் இல்லை. அவர்கள் உத்யமில் பதியலாம், ஆனால் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும். உற்பத்தி செய்கிறவருக்கும் சேவை தருகிறவருக்கும்தான் இது. பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும், ஜிஎஸ்டி கட்டாயமானவருக்கு அந்த எண்ணும் போதும், அரசுத் தளத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் இல்லை. யாராவது காசு கேட்டால் அவர் அரசு ஆள் அல்ல. வேலையை எடுப்பதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். சரக்கு அனுப்பிய பிறகு பதிந்துவிட்டுப் பழைய பாக்கிக்கு உரிமை கேட்டவர்கள் உச்ச நீதிமன்றத்தில் தோற்றிருக்கிறார்கள்.

பணம் வரவே இல்லையென்றால் அரசின் இணையத் தளத்தில் மனு. நம் மாநிலத்தில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை என்று நான்கு இடங்களில் வசதியாக்கக் குழுமங்கள் இருக்கின்றன. நமக்குக் கோவை. முதலில் சமரசம் பேசுவார்கள், முடியாவிட்டால் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைத் தாண்டுகிறது, அது சரியில்லை, அரசிடம் நாம் சேர்ந்து கேட்க வேண்டிய ஒன்று அது. ஆனாலும் தீர்ப்பு வந்துவிட்டால், அதை எதிர்த்து நீதிமன்றம் போகிற பார்ட்டி 75 சதவீதத் தொகையை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உரிமையியல் வழக்குப் போட்டு இருபது ஆண்டு அலைந்த நம் அப்பாக்களுக்கு இது கிடைக்கவில்லை.

கம்பெனிச் சட்டத்தையும் கேட்டீர்கள், ஆகவே கம்பெனியாகத் தொழில் நடத்துகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. 2025 டிசம்பர் 1 முதல், செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை உள்ள தனியார் கம்பெனிகள் பெரும்பாலும் சிறிய கம்பெனி என்ற வகைக்குள் வரும். ஆண்டுக்கு இரண்டு போர்டு மீட்டிங் போதும், அபராதமும் குறைவு. சலுகை வந்துவிட்டது என்று ஆண்டுக் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். கணக்குப் படிவத்துக்கும் ஆண்டறிக்கைக்கும் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய், ஓராண்டில் இரண்டுக்கும் சேர்த்து 73,000. தொடர்ந்து மூன்று ஆண்டு போடாவிட்டால் டைரக்டர்கள் ஐந்து ஆண்டுக்குத் தகுதி இழப்பார்கள். 2017-இல் அப்படி நாடெங்கும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்கள் தகுதி இழந்தார்கள். இரண்டு டைரக்டர்கள் வேண்டுமே என்று வீட்டுக்காரம்மா பெயரையும் அம்மா பெயரையும் போடுகிறோம். காட்டிய இடத்தில் அவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். தகுதி இழப்பு வந்தால், நாளைக்கு அந்தப் பெண்மணி சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்க நினைத்தால் முடியாமல் போகும். கையெழுத்து வாங்குவதற்கு முன் அது என்ன காகிதம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அது அவர்கள் உரிமை.

இப்போது, எனக்கு முக்கியமென்று படுகிற பேச்சுக்கு வருகிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும்.

இதுவரை நம்மைப் பணம் வர வேண்டியவர்களாகவே வைத்துப் பேசினேன். நாமே பணம் தர வேண்டியவர்களும்கூட. ஏற்றுமதியாளர் நமக்குத் தர வேண்டும், நாம் டையிங்குக்கும் பிரிண்டிங்குக்கும் தர வேண்டும், தையல் யூனிட் நடத்துகிறவர் செக்கிங், அயர்னிங் எடுத்துச் செய்கிறவருக்குத் தர வேண்டும். அந்தக் கடைசி ஆளிடம் பத்து மிஷின் இருக்கும், பில் புத்தகம்கூட இருக்காது. மேலே இருந்து பணம் வரவில்லை என்று அவரை நிறுத்தி வைப்பது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. அவரும் குறு நிறுவனம்தான். அவரோடு எழுத்தில் ஒன்றும் இல்லாததால் அவருக்கு நாம் தர வேண்டியது 15 நாளில். எங்கிருந்தோ வரும் வாங்குபவரைப் பார்த்து "சட்டம் இருக்கிறது" என்று சொல்லும் நாம், பக்கத்துத் தெரு அக்காவின் அயர்னிங் கூலியை மூன்று மாதம் வைத்திருந்தால், அந்தச் சட்டத்தைச் சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? அவருக்கு உத்யம் பதிவு இல்லையே என்று ஒதுங்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நாமே உட்கார வைத்துப் பதிந்து தருவோம்.

ஆகவே பொதுக்குழு முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். சங்கத்தின் எல்லா உறுப்பினர்களும் தங்கள் பில்லிலும் டெலிவரி சலானிலும் உத்யம் எண்ணையும் பணம் தர வேண்டிய கடைசித் தேதியையும் அச்சிட வேண்டும். 45 நாள் தாண்டிய பாக்கிக்கு உறுப்பினர் தனியாகப் போய் நிற்காமல், முதல் நினைவூட்டுக் கடிதம் சங்கத்தின் பெயரில் போக வேண்டும். எங்கள் நிட்டிங்காரர் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். ஒருவர் கேட்டால் அவருக்கு ஆர்டரை நிறுத்தலாம், ஊரே கேட்டால் யாருக்கு நிறுத்துவார்கள்? மூன்றாவதாக, இன்று இங்கே கை தூக்குகிற ஒவ்வொருவரும் தமக்கு ஜாப் ஒர்க் செய்து தருகிறவர்களுக்கு அதே கெடுவுக்குள் பணம் தருவதாக உறுதி சொல்ல வேண்டும். முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டு மூன்றாவதை விட்டுவிடுவதானால், தீர்மானத்தையே வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன்.

தலைவர் அவர்கள் இதை இப்போதே அவையின் ஒப்புதலுக்கு விட வேண்டுகிறேன்.