ரத்தக் கொதிப்பும் உழைப்பாளியும்
(மாதவரம் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ரத்தக் கொதிப்பு பணக்காரர் வியாதி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தவறு. மூட்டை தூக்குகிறவருக்கும் வரும்; நாற்று நடுகிறவருக்கும் வரும்.

இதற்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. ஆண்டுக்கணக்கில் ரத்தம் குழாயின் சுவரை ஓங்கி மோதுகிறது. சுவர் தடித்து, உள்வழி குறுகுகிறது. இருதயத்துக்குப் போகும் குழாய் அடைத்தால் மாரடைப்பு. மூளைக்குப் போவது அடைத்தால் பக்கவாதம். காலுக்குப் போவது அடைத்தால் புண் ஆறாது, காலையே எடுக்கவும் நேரும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய சல்லடைகள் உண்டு. அழிந்த சல்லடை மறுபடி முளைக்காது. பெரும்பகுதி அழிந்த பிறகுதான் முகம் வீங்கும், மூச்சு வாங்கும். பிறகு வாரத்தில் 2, 3 நாள் டயாலிசிஸ்தான்.

இந்த வியாதி எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு இது இளவயதிலேயே வருகிறது. சிறுநீரகம் அடியோடு கெடுவது வெள்ளையரைவிட அவர்களிடம் சுமார் 3 மடங்கு. காலை இழப்பவரும் அவர்களில் அதிகம். ‘பிறவி வாகு’ என்கிறார்கள். பிறவிக்கும் பங்கு உண்டு. அதற்குக் காரணமான ஒரு மரபணுவை 2010இல் கண்டறிந்தார்கள். ஆனால் குறைந்த கூலிக்கும், உப்பு மிகுந்த மலிவுச் சாப்பாட்டுக்கும், வைத்தியம் எட்டாத நிலைக்கும் பங்கு இல்லையா?

அளவுகோலே கோணலாக இருந்தது, தோழர்களே! சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிட 2009இல் ஒரு சூத்திரம் வந்தது. நோயாளி கறுப்பர் என்றால் விடையில் சுமார் 16 சதவிகிதம் கூட்டிக் காட்டியது. பழுதான சிறுநீரகம் காகிதத்தில் நல்லதாகத் தெரிந்தது. மாற்றுச் சிறுநீரகம் கேட்டு நிற்கும் வரிசையில் அவர்கள் பின்தங்கினார்கள். 2021இல்தான் இதைக் கைவிடும்படி அங்குள்ள சிறுநீரக நிபுணர்கள் கூறினர்.

அதே நாட்டில் நல்ல வழியும் கண்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பர் நடத்தும் 52 சலூன்களில் ரத்தக் கொதிப்புள்ள 319 பேரைச் சேர்த்தார்கள். ஒரு சாராருக்கு மருந்தாளுநர் சலூனுக்கே வந்து அளந்து மருந்து தந்தார். மறு சாராருக்குப் புத்திமதி மட்டும். 2018இல் முடிவு வெளிவந்தது. 6 மாதத்தில் முதல் சாராரில் 10க்கு 6 பேருக்கு மேல் கொதிப்பு 130/80க்குக் கீழே இறங்கியது. மறு சாராரில் 10க்கு ஒருவர்தான். அதே மக்கள், அதே பிறவி! மருந்து தேடி வந்ததே வித்தியாசம்.

நம் சென்னைக்கு அருகிலும் இது நடந்தது. டாக்டர் எம்.கே.மணியின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் ஊழியர்கள் சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களில் ரத்த அழுத்தம் அளந்து, சிறுநீரைச் சோதித்தார்கள். மலிவான பழைய மாத்திரைகளாலேயே பெரும்பாலோருக்குக் கொதிப்பு அடங்கியது.

2021 ஆகஸ்டில் சர்க்கார் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. வரவேற்கிறோம். ஆனால் ஊழியர் வரும் பகல் வேளையில் நாம் கிடங்கிலும் மில்லிலும் வயலிலும் நிற்கிறோம். செங்குன்றம் அரிசி ஆலைப் பெண்ணுக்கும், பொன்னேரி வயல் கூலிக்கும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வேலை செய்யும் இடத்திலேயே, கூலி வெட்டு இல்லாமல், பரிசோதனை வேண்டும். இதை நாம் கேட்டுப் பெற வேண்டும்.

நம் கையில் உள்ளதையும் செய்வோம். 30 வயது தாண்டியவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது அளந்து பாருங்கள். 140/90ஐத் தொட்டால் டாக்டரிடம் போய்ச் சிறுநீரையும் சோதியுங்கள். உடம்பு நன்றாயிருக்கிறதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மேல்வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரையைத் தினமும் விழுங்காதீர்கள். அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஊறுகாய், கருவாட்டைக் குறையுங்கள். பீடியை விடுங்கள்.

ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் ஒரு அளக்கும் கருவி இருக்கட்டும். சந்தா கட்ட வருகிறவர் கையை நீட்டி அளந்துவிட்டுப் போகட்டும். சலூனில் முடிந்தது, சங்கத்தில் முடியாதா?