வானவியல் கல்லூரியும் மலைநாட்டுப் பிள்ளைகளும்
(ஸ்பிரிங்வெளியில் ஆற்றிய உரை)



நமுனுகுல மலைச் சாரலில் ஆகாய விமானத்தின் ஒலி கேட்டால் கொழுந்துக் கூடையுடன் நிற்கும் தாயும் அண்ணாந்து பார்க்கிறாள். அவள் பிள்ளையும் பார்க்கிறான். தாய் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறாள். பிள்ளையும் அவ்வாறே குனிந்துகொள்ள வேண்டுமா? இதுவே இன்று நாம் கேட்க வந்த கேள்வி.

1924-ஆம் ஆண்டில் இருப்புப் பாதை பதுளையை அடைந்தது. நம் முன்னோர் பறித்த தேயிலை அதன்மேல் கொழும்புக்குச் சென்றது. ரயில் வந்தது, ஆனால் அதை இயக்கும் கல்வி நம் லயங்களுக்கு வரவில்லை. 1935 நவம்பர் 27-இல் இரத்மலானை நிலத்தில் முதல் விமானம் இறங்கியது. அது சென்னையிலிருந்து வந்த விமானம். 1947 டிசம்பர் 10-இல் ஏர் சிலோன் தன் முதற் பயணத்தைக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே நடத்தியது. ஆகாயப் பாதையின் தொடக்கமே தமிழ் நிலங்களை இணைத்ததாக இருந்தும், அடுத்த ஆண்டு வந்த 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கிற்று. எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் நிறைவேறியது. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனை தலைமுறைகளின் கல்வி கருகிற்று என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, கடலுக்கு அப்பால் நடந்த ஒன்றைச் சொல்லுவோம். 1949-ஆம் ஆண்டில் சி. இராஜம் என்னும் பெருந்தகை, சென்னையில் தாம் வாழ்ந்த 'இந்தியா ஹவுஸ்' மாளிகையை விற்று, ஐந்து இலட்சம் ரூபாயைக் கொடுத்து, குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினார். விமானப் பொறியியல், மோட்டார் வாகனப் பொறியியல், மின்னணுவியல், கருவியியல் ஆகியவை அங்கே தொடங்கப்பெற்றன. நாடு விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகள்! உணவுக்கே தட்டுப்பாடான காலத்தில் விமானப் படிப்பு எதற்கு என்று கேட்டவர் இல்லாமலா இருந்திருப்பர்? ஆயினும் கல்லூரி வளர்ந்தது. 1978-இல் அண்ணா பல்கலைக் கழகம் தோன்றியபோது அதன் அங்கமாயிற்று. ஒருவரின் கொடையாகப் பிறந்தது ஊரார் அனைவரின் சொத்தாயிற்று.

அக்கல்லூரியில் சேர இடம் பெற்ற இராமேசுவரத்து இளைஞர் ஒருவரிடம் சேர்க்கைக்கு வேண்டிய ஆயிரம் ரூபாய் இல்லை. அவருடைய தமக்கையார் தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அவ்விளைஞரே அப்துல் கலாம். கல்லூரியில் காட்சிக்கு நின்ற இரண்டு பழைய விமானங்களின் அருகே அவர் நெடுநேரம் அமர்ந்திருப்பாராம். விமானப் படையில் விமானியாக வேண்டும் என விரும்பினார். எட்டு இடங்களுக்கு நடந்த தேர்வில் ஒன்பதாவதாக வந்து அதை இழந்தார். ஆனால் கற்ற கல்வி அவரைக் கைவிடவில்லை. 1980-இல் ரோகிணி செயற்கைக் கோளை விண்ணில் நிறுத்திய எஸ்.எல்.வி-3 திட்டத்தின் தலைவர் அவர். 2002-இல் இந்தியாவின் குடியரசுத் தலைவர்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? விமானக் கல்வி என்றால் விமானி ஆவது மட்டும் அன்று. ஒரு விமானம் பறக்க வேண்டுமாயின் இயந்திரத்தைச் சோதித்துக் கையொப்பமிடும் பொறியியலாளர் வேண்டும். வானிலை சொல்பவர் வேண்டும். தரையிலிருந்து வழிகாட்டும் கட்டுப்பாட்டாளர் வேண்டும். ராடாரைப் பராமரிப்பவர் வேண்டும். உழவர்க்கும் இது அயலான செய்தி அன்று. இன்று ஆளில்லாச் சிறு விமானங்கள் வயலில் மருந்து தெளிக்கின்றன. அவற்றை இயக்கவும் பழுது பார்க்கவும் கற்றவர் வேண்டும்.

ஒன்றை எச்சரித்துச் சொல்லுகிறோம். 'விமானத் துறையில் உடனே வேலை' என்னும் விளம்பரத்தைக் கண்டு, காணியை ஈடு வைத்துக் கட்டணம் செலுத்தாதீர்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அங்கீகாரம் இல்லாத பராமரிப்புப் பயிற்சி, உரிமம் பெற உதவாது. முதலில் அங்கீகாரத்தைக் கேளுங்கள். பிறகு பணத்தை எண்ணுங்கள். ஏழையின் பிள்ளைக்குப் பொதுக் கல்லூரியே துணை என்று நாம் வற்புறுத்துவது இதனாலேதான்.

இலங்கையிலும் இரத்மலானையைச் சூழ்ந்தே இக்கல்வி வளர்ந்திருக்கிறது. சிவில் விமானப் பயிற்சி நிலையம் அப்பகுதியிலேயே உண்டு. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக் கழகத்தில் விமானப் பொறியியல் உண்டு. ஆனால் அவ்வாயிலுக்குச் செல்லும் படிகள் ஸ்பிரிங்வெளியில் அல்லவா கட்டப்பட வேண்டும்! உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு இல்லாத பள்ளியிலிருந்து எவன் விமானப் பொறியியலாளன் ஆவான்? பல்கலைக் கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஐந்து விழுக்காடு ஒதுக்கப்பட்டுள்ளது. பதுளையும் அவற்றுள் ஒன்று. ஆனால் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கத் தமிழாசிரியர் இல்லையெனில் அவ்வொதுக்கீட்டால் தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன பயன்?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. தோட்டப் பள்ளிகளின் ஒவ்வொரு தொகுதிக்கும் தமிழில் உயர்தரக் கணிதப் பிரிவு ஒன்று வேண்டும். விமானத் துறையின் உலகப் பொதுமொழி ஆங்கிலமாதலால், அதைச் சிறுவயதிலிருந்தே செம்மையாகக் கற்பிக்க வேண்டும். 2005-இல் பதுளையில் தோன்றிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக் கழகத்தில், அங்கீகாரம் பெற்ற விமானப் பராமரிப்புத் துறை ஒன்று அமைய வேண்டும். மூன்றாவது ஒரே நாளில் ஆகாது. பட்டறை வேண்டும், கருவி வேண்டும், ஆசிரியர் வேண்டும். முதல் இரண்டையும் நாளையே தொடங்கலாம்.

கற்றறிந்த நண்பர்களே! மாளிகையை விற்க உங்களை நாம் அழைக்கவில்லை. வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒரு தோட்டப் பள்ளிக்குக் கணிதம் கற்பிக்கக் கொடுங்கள். பெற்றோர்களே! பத்தாம் வகுப்போடு பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். அண்ணாந்து பார்க்கும் அந்தப் பிள்ளையின் தலை, குனியாமல் நிமிர்ந்தே இருக்க வேண்டும். அதற்கு வேண்டியதைச் செய்வது நம் அனைவரின் கடமை.